உரிமை கோரப்படாத ஆசிரியர் ஓய்வூதியப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வி அலுவலகம் ஒன்றின் ஓய்வூதியப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஆசிரியர் குடும்பத்தினர் தேடி வந்து கேட்பது நிற்கவில்லை. "அப்பா வாத்தியாரா இருந்தார், போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாச்சு, ஏதாவது பணம் வரவேண்டியிருக்குமா சார்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்கும், அதைத் தொடர்ந்து வருபவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களைப் பற்றியதே பெரும்பகுதி. தனியார் சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சட்டம் வேறு. அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

யாரும் கேட்காமல் ஓர் ஆசிரியரின் பணம் எப்படிக் கிடந்துபோகும்?

ஆசிரியர் தனியாளாக வாழ்ந்து இறந்திருப்பார். உறவினர்களுக்கு அவருடைய கணக்குகள் தெரியாது. அல்லது மனைவி இருப்பார். குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியதும் அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். வருங்கால வைப்பு நிதியில் ஒரு பாக்கி, ஊதியக் குழு நிலுவை, விடுப்பு ஊதியம் என்று மிச்சம் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு வகை குடும்பச் சண்டை. "அவனுக்குப் போகக் கூடாது" என்று இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடாமல் இருந்தே பத்து வருடம் ஓடிவிடும்.

என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் பணிப்பதிவேடுதான். ஆசிரியர் ஐந்தாறு பள்ளிகளில் வேலை பார்த்திருப்பார். எஸ்.ஆர். என்கிற அந்தப் பதிவேட்டில் ஏதோ ஒரு ஊரில் ஏதோ இரண்டு வருடத்துக்குச் சரிபார்ப்புக் கையெழுத்து இருக்காது. ஓய்வூதியம் கேட்டு அனுப்பிய கருத்துரு (முன்மொழிவு) திரும்பி வரும். திருத்தி அனுப்ப ஆளில்லாமல் கோப்பு அப்படியே பீரோவில் படுத்துவிடும்.

நாள் கடந்துவிட்டால் அரசு அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளுமா?

ஓய்வூதியம் அரசு மனமிரங்கிக் கொடுக்கும் தானம் அன்று. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓய்வூதியத்தைச் சொத்து என்று சொன்னது. 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கின் தீர்ப்பு அதை இன்னும் விரிவாகச் சொன்னது. இன்றும் அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறோம். 2013இல் ஜிதேந்திர குமார் ஸ்ரீவஸ்தவா வழக்கில், சட்டத்தின் துணையின்றி வெறும் நிர்வாக உத்தரவைக் காட்டி ஓய்வூதியத்தையோ பணிக்கொடையையோ (கிராஜுவிட்டி) பிடித்துவைக்க முடியாது, அது அரசமைப்பின் 300ஏ பிரிவு காக்கும் சொத்து என்று நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே நாள் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக உரிமை போய்விடாது. ஆனால் ஒவ்வொரு பணமும் ஒவ்வொரு பையில் இருக்கிறது, ஒவ்வொரு பைக்கும் ஒரு தனி விதி. ஒன்றில் வட்டி நின்றுபோகும். ஒன்றில் பழைய நிலுவை வெட்டப்படும். ஒன்றில், கேட்க உரியவர் எவருமே இல்லையென்றால் பணம் அரசுக்கே போய்விடும். எந்தப் பணம் எந்தப் பையில் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

என்னென்ன பணம் பாக்கி இருக்க வாய்ப்புண்டு?

2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் பணியில் சேர்ந்தவர் என்றால்: மாத ஓய்வூதியத்தில் இறந்த நாள் வரையிலான நிலுவை, குடும்ப ஓய்வூதியம், பணிக்கொடை, தொகுத்துப் பெறும் ஓய்வூதியம் (ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறுவது), வருங்கால வைப்பு நிதி இறுதித் தொகை, ஈட்டிய விடுப்புக்கான பணம், சிறப்பு சேமநல நிதி, ஊதியக் குழு மற்றும் அகவிலைப்படி நிலுவைகள். பணியில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் குடும்பப் பாதுகாப்பு நிதி. ஓய்வூதியராக இறந்தவர் என்றால் ஓய்வூதியர் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 50,000 ரூபாய். இந்தக் கடைசித் தொகைக்காக அவருடைய ஓய்வூதியத்திலேயே மாதாமாதம் பிடித்தம் செய்திருப்பார்கள். அப்படியிருந்தும் கேட்காமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "வந்தது", "வரவில்லை", "தெரியவில்லை" என்று குறித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். "ஏதாவது இருக்கா?" என்று கேட்பவருக்கு "ஒன்றும் இல்லை" என்ற பதில்தான் சுலபமாகக் கிடைக்கும்.

வருங்கால வைப்பு நிதியை யாரும் வாங்கவில்லை என்றால் அது என்ன ஆகும்?

அந்தத் தொகை கணக்கில் என்றைக்கும் அப்படியே நிற்காது. மத்திய அரசின் பொது வருங்கால வைப்பு நிதி விதிகள், 1960 சொல்வது இது: கொடுக்கப்பட வேண்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாங்கப்படாத தொகை, அந்த நிதியாண்டின் முடிவில் "வைப்புத் தொகைகள்" என்ற தலைப்புக்கு மாற்றப்படும், அதன் பிறகு வைப்புத் தொகைகளுக்கான பொது விதி அதற்குப் பொருந்தும். மாநிலத்தின் நிதி விதிகளும் பெரும்பாலும் இதே அச்சில் வார்த்தவைதான். அரசுக் கணக்கில், பல ஆண்டு கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகை காலாவதியானதாகக் கருதி வருவாய்க் கணக்கில் சேர்க்கப்படும்.

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்ந்துபோகிறார்கள். காலாவதி என்பது கணக்கு எழுதும் முறையில் வரும் மாற்றம். உரியவர் வந்து நிரூபித்தால், கணக்காயரின் (அரசுக் கணக்குகளைப் பராமரிக்கும் அலுவலகம், ஏ.ஜி.) ஒப்புதலோடு அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. "லாப்ஸ் ஆயிடுச்சும்மா, போங்க" என்று வாய்மொழியாகச் சொன்னால், எந்த நாளில், எந்தத் தலைப்புக்கு, எவ்வளவு மாற்றப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

வட்டிதான் இதில் உண்மையான இழப்பு. கோரிக்கை தாமதமான காலம் முழுக்க வட்டி ஓடாது. விதியில் அதற்கு வரம்பு உண்டு. தாமதம் அலுவலகத்தால் ஏற்பட்டது என்று காட்ட முடிந்தால் மட்டும் அதற்கு மேலும் கேட்டுப் பார்க்கலாம்.

வைப்பு நிதிக்கு நியமனம் (நாமினேஷன்) செய்யாமலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக வருமா?

இதைக் கேட்டுப் பல அண்ணன் தம்பிகள் என்னோடு சண்டையே போட்டிருக்கிறார்கள். வைப்பு நிதி விதியில் "குடும்பம்" என்பது வாரிசுரிமைச் சட்டத்தின் குடும்பம் அன்று. நியமனம் இல்லாதபோது தொகை குடும்பத்தினருக்குச் சம பங்காகப் போகும். ஆனால் விதியின்படி வேறு உறுப்பினர் இருக்கும்போது, வயது வந்த மகனுக்கும், கணவன் உயிரோடிருக்கும் மணமான மகளுக்கும் பங்கு கிடையாது. மனைவி, வயது வராத பிள்ளைகள், மணமாகாத மகள் ஆகியோருக்குத்தான் முதல் இடம். மகன் வேலைக்குப் போயிருப்பான், மகள் கணவன் வீட்டில் இருப்பாள், கைம்பெண்ணுக்கும் சிறு பிள்ளைகளுக்கும்தான் கஞ்சிக்கு வழி வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதிய விதி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

வருங்கால வைப்பு நிதிச் சட்டம், 1925 இன்னொரு பாதுகாப்பையும் தருகிறது. இறந்தவரைச் சார்ந்திருந்தவருக்குப் போகும் தொகையை, அவர் பட்ட கடனுக்காக யாரும் ஜப்தி செய்ய முடியாது. கடன்காரர் வாசலில் வந்து நிற்கிறார் என்பதற்காகவே வைப்பு நிதியைக் கேட்காமல் விட்ட ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அவர் பயந்திருக்கவே தேவையில்லை.

மிஸ்ஸிங் கிரெடிட் என்கிறார்களே, அது என்ன?

விடுபட்ட வரவு. சம்பளத்தில் பி.எஃப். பிடித்திருப்பார்கள், ஆனால் கணக்குத் தாளில் அந்த மாதம் வெறுமையாக இருக்கும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கும். அல்லது ஆசிரியர் மாவட்டம் மாறிய மாதத்தில் பட்டியல் போய்ச் சேர்ந்திருக்காது. பணம் அரசிடம்தான் இருக்கிறது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. கோரப்படாத பணத்தில் மிகவும் சத்தமில்லாத வகை இதுவே. இறுதித் தொகை கைக்கு வந்ததும் குடும்பம் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். உள்ளே 14 மாத வரவு விடுபட்டிருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆசிரியரின் பழைய ஆண்டுக் கணக்குத் தாள்களைத் தேடி எடுங்கள். வரிசையாக மாதங்களைப் பாருங்கள். விடுபட்ட மாதங்களைக் குறித்து, அந்தக் காலத்தில் அவர் வேலை பார்த்த பள்ளிக்குச் சம்பளம் பெற்றுத்தந்த அலுவலரிடம் எழுத்து மூலம் கேளுங்கள்: அந்த மாதச் சம்பளப் பட்டியல் எந்தக் கருவூலத்தில், எந்த நாளில், எந்த வவுச்சர் எண்ணில் பாஸானது? இந்த மூன்றும் கிடைத்துவிட்டால், பிடித்தப் பட்டியலின் நகலோடு கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்பலாம். அவர்கள் தேடிச் சேர்த்து, எஞ்சிய தொகைக்குத் தனி ஆணை தருவார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1980களின் ஒரு மாதப் பிடித்தம் இத்தனை வருட வட்டியோடு சேரும்போது எவ்வளவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அலையத் தோன்றும்.

பணிக்கொடைக்கு வாரிசு யாரும் இல்லையென்றால்?

நியமனம் இருந்தால் நியமனதாரருக்கு. இல்லாவிட்டால் விதியில் சொன்ன குடும்பத்தினருக்கு. குடும்பமும் இல்லை, செல்லுபடியாகும் நியமனமும் இல்லை என்றால் பணிக்கொடை அரசுக்குச் சேரும். ஓய்வூதியப் பலன்களில் "அரசுக்குப் போய்விடும்" என்று விதியே நேரடியாகப் பேசும் இடம் இது. மத்திய அரசு விதிகளில் இதற்கு ஒரு விலக்கு பிறகு சேர்க்கப்பட்டது: நீதிமன்றத்திலிருந்து அந்தப் பணிக்கொடைக்கென்று வாரிசுரிமைச் சான்று பெற்றவருக்குத் தொகையைக் கொடுக்கலாம்.

மணம் செய்துகொள்ளாத ஆசிரியைகள் விஷயத்தில் இதை மறக்கக் கூடாது. அக்கா தங்கை பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியிருப்பார். நியமனப் படிவத்தில் மட்டும் எப்போதோ இறந்துபோன தாயின் பெயர் இருக்கும். அந்த நியமனம் தாயோடு முடிந்துவிட்டது. பணியில் இருப்பவர்கள் தங்கள் நியமனத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

பணிக்கொடை தாமதமானால் வட்டி உண்டா?

தாமதம் அரசுப் பக்கத்தால் என்றால் உண்டு. 1984இல் பத்மநாபன் நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வு பெற்ற நாளிலிருந்து இரண்டு மாதம் கழிந்ததும் வட்டிப் பொறுப்பு தொடங்கிவிடும் என்று சொன்னது. குடும்பம் விண்ணப்பிக்கவே இல்லையென்றால் இந்த வாதம் நிற்காது.

கருவூலத்தின் ஆண்டு நேர்காணலுக்குப் போகாததால் ஓய்வூதியம் நின்றுவிட்டது. போனது போனதுதானா?

நின்றது வழங்கல் மட்டுமே, உரிமை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ஓய்வூதியர் ஆண்டுக்கு ஒருமுறை உயிருடன் இருப்பதைக் காட்ட வேண்டும். இப்போது ஓய்வு பெற்ற மாதத்தில் அதைச் செய்கிறார்கள். கருவூலத்துக்கு நேரில் போகலாம், மின்னணு உயிர்வாழ் சான்று தரலாம், 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரை வீட்டுக்கே வரவழைத்துக் கைரேகை வைக்கலாம். விட்டுப்போனால் ஓய்வூதியத்தை நிறுத்திவைப்பார்கள். பிறகு நேர்காணல் முடிந்ததும் நிறுத்திய மாதங்களும் சேர்ந்து வரும். நெடுநாள் இடைவெளி என்றால் மேலதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும், அவ்வளவுதான்.

பிள்ளைகளோடு வெளிநாட்டில் இருப்பவர்கள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், நினைவு தப்பிப் படுக்கையில் கிடப்பவர்கள் ஆகியோருடைய ஓய்வூதியம்தான் அதிகம் நிற்கிறது. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இறந்த நாள் வரையிலான ஓய்வூதிய நிலுவை யாருக்கு?

ஓய்வூதியர் மாதத்தின் எந்த நாளில், எந்த நேரத்தில் இறந்தாலும் இறந்த அந்த நாளுக்கும் சேர்த்து ஓய்வூதியம் உண்டு. 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தில் 1982இல் சேர்க்கப்பட்ட 12ஏ பிரிவு, இந்த நிலுவையைப் பெற ஒருவரை நியமிக்கும் உரிமையை ஓய்வூதியருக்குத் தருகிறது. நியமனம் இருந்தால் இறப்புச் சான்றோடு அவர் போய் வாங்கலாம். இல்லையேல் வாரிசுச் சான்று வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. இறந்த செய்தியைச் சொல்லாமல், வங்கியில் தொடர்ந்து வந்த ஓய்வூதியத்தை ஏ.டி.எம். அட்டையால் எடுக்கும் தவறைச் சில குடும்பங்கள் அறியாமல் செய்கின்றன. அந்தத் தொகை முழுவதும் திரும்பப் பிடிக்கப்படும். குடும்ப ஓய்வூதியத் தொடக்கமும் சிக்கலாகும்.

குடும்ப ஓய்வூதியத்தைப் பல ஆண்டு கழித்துக் கேட்கலாமா?

கேட்கலாம். குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் பிறக்கும் உரிமை. உச்ச நீதிமன்றம் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் இந்த வகையைத் தொடர்ந்து நிகழும் தவறு என்று விளக்கியது. தாமதத்தைக் காட்டி ஓய்வூதியத்தையே மறுக்க முடியாது. ஆனால் பழைய நிலுவையை, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுக்கு என்று சாதாரணமாகச் சுருக்கிவிடுவார்கள்.

இதன் பொருளை ஒரு கணக்கில் சொல்கிறேன். கணவர் இறந்து 12 ஆண்டு கழித்து ஒருவர் நீதிமன்றம் போனார் என்று வையுங்கள். இனி வரும் ஓய்வூதியம் முழுசாகக் கிடைக்கும், பின்னோக்கி மூன்று ஆண்டு நிலுவை கிடைக்கும், நடுவே ஒன்பது ஆண்டுப் பணம் போனதுதான். கைம்பெண்ணின் பெயர் ஓய்வூதியக் கொடுப்பாணையிலேயே (பி.பி.ஓ.) இருந்தால் வழக்கே தேவையில்லை. இறப்புச் சான்றோடு கருவூலத்தில் விண்ணப்பித்தாலே தொடங்கிவிடும்.

அம்மாவும் இறந்துவிட்டார். வீட்டில் மணமாகாத அக்கா இருக்கிறார். அவருக்கு ஏதாவது உண்டா?

பலருக்குத் தெரியாத உரிமை இது. முன்பு 25 வயதோடு முடிந்துவிடும். 2011இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஆணைக்குப் பிறகு, மணமாகாத, கணவனை இழந்த, மணமுறிவு பெற்ற மகள்கள், வருமான வரம்புக்கு உட்பட்டு, 25 வயதுக்கு மேலும் குடும்ப ஓய்வூதியம் பெறலாம். உடல் அல்லது மன வளர்ச்சிக் குறைபாட்டால் தானே சம்பாதிக்க முடியாத மகனுக்கோ மகளுக்கோ வாழ்நாள் முழுக்க உண்டு.

60 வயதைத் தாண்டிய ஓர் அக்கா, தம்பிகளின் வீட்டில் மாறி மாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அந்த அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்த பிறகு அந்த வீட்டில் அவர் உட்காரும் இடமே மாறிவிட்டது. நான் கருத்துரு தயாரித்தவற்றில் இன்றும் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

குடும்ப ஓய்வூதியத்தை உயிலில் எழுதிவைக்க முடியுமா?

முடியாது. 1991இல் வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தே ஆகாது. விதி யாரைச் சொல்கிறதோ அவருக்கே உரியது.

நாமினி என்றால் பணம் முழுக்க அவருக்கா?

நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவர். அவரிடம் கொடுத்ததும் அலுவலகத்தின் பொறுப்பு தீர்ந்துவிடும். மற்ற வாரிசுகளுக்குப் பங்கு உண்டா என்பது தனிக் கேள்வி. 1983இல் சர்பதி தேவி வழக்கில், அன்றிருந்த சட்டப்படி ஆயுள் காப்பீட்டு நாமினி வாரிசுகளுக்காக வாங்கிவைப்பவரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்ப ஓய்வூதியத்துக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அதற்கு விதிதான் எல்லாம்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்று போதுமா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா?

குடும்பத்துக்குள் தகராறு இல்லையென்றால் தாசில்தாரின் சான்று பெரும்பாலும் போதும். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். தகராறு இருந்தால், அல்லது கேட்பவர் விதியின் "குடும்ப" வரையறைக்குள் வராத தூரத்து உறவினர் என்றால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் மனுப்போட்டு நீதிமன்றத்திலிருந்து சான்று பெற வேண்டும். மனுவில் எந்தெந்தத் தொகைக்கு என்று தனித்தனியே குறிப்பிடுவது முக்கியம். "எல்லாப் பணப் பலன்களும்" என்று பொதுவாக எழுதி வாங்கிவந்து, அலுவலகத்தில் ஏற்காமல் மறுபடி கோர்ட்டுக்கு ஓடியவர்கள் உண்டு.

இரண்டு மனைவிகள் கேட்கிறார்கள். பணம் அப்படியே நிற்கிறது.

முதல் மனைவி இருக்கும்போதே செய்த இரண்டாம் திருமணம் இந்து திருமணச் சட்டத்தின்படி செல்லாது. 2000இல் ராமேஸ்வரி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டாமவருக்குக் குடும்ப ஓய்வூதியம் இல்லை, ஆனால் அவருக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வயது வரும்வரை பங்கு உண்டு என்று முடிவு செய்தது. பிள்ளைகளின் பங்கை இரு பக்கமும் ஒப்புக்கொண்டால் பாதி வழக்குகள் அங்கேயே தீரும்.

ஆசிரியர் காணாமல் போய்விட்டார். ஏழு வருடம் காத்திருக்க வேண்டுமா?

ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 111ஆம் பிரிவு. ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அவ்வளவு நாள் வேண்டியதில்லை. மத்திய அரசுப் பணியாளர் என்றால், காவல் நிலையத்தில் புகார் பதிந்து ஆறு மாதம் ஆன பிறகு, தேடியும் கிடைக்கவில்லை என்ற காவல்துறை அறிக்கையையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் (அவர் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதற்கான உறுதிமொழி) கொடுத்துப் பெறலாம். எங்கே வேலை பார்த்தவராக இருந்தாலும் முதல் வேலை புகாரைப் பதிவதுதான். "வந்துவிடுவார்" என்று புகாரே கொடுக்காமல் இருந்த குடும்பத்துக்குக் காலம் அன்றைக்குத்தான் தொடங்கும்.

ஓய்வூதியம் வந்த வங்கிக் கணக்கையே யாரும் தொடவில்லை. அந்தப் பணம்?

அரசு கொடுத்து முடித்துவிட்டது. இனி அது வங்கிச் சட்டத்தின் கீழ் வரும். பத்து ஆண்டு இயங்காத கணக்கின் தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் தொடங்கிய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதற்குப் பிறகும் எப்போது வேண்டுமானாலும் அதே வங்கியில் கேட்டு வாங்கலாம். வட்டி உள்ள கணக்குக்கு இப்போது ஆண்டுக்கு 3 சதவீதத் தனி வட்டி. இறந்தவரின் பெயரைப் போட்டுத் தேட 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் இணையதளம் உதவும். அதில் வங்கி வைப்புகள் மட்டுமே தெரியும். கருவூலத்திலோ கணக்காயரிடமோ இருக்கும் பணத்தை அதில் தேடிப் பயனில்லை.

2003க்குப் பிறகு சேர்ந்தவர் பணியில் இறந்துவிட்டார். என்ன கேட்பது?

2003 ஏப்ரல் 1 அன்றோ அதன் பிறகோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் கொண்டுவரப்பட்டார்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் 10 சதவீதம் அவர் கட்டியது, அதே அளவு அரசு சேர்த்தது, அதன் மேல் வட்டி. இந்தத் தொகையை அவர் கடைசியாகப் பணியாற்றிய அலுவலகம் வழியாகக் கேட்க வேண்டும். விடுபட்ட வரவுச் சிக்கல் இங்கேயும் உண்டு. கணக்குத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியார் சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களுக்கு?

அவர்களுக்கு இ.பி.எஃப். என்னும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிதான் அடிப்படை. உறுப்பினர் இறந்தால் மூன்று படிவம்: வைப்பு நிதிக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை வரலாம். பெரும்பாலோர் முதல் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கேட்காமல் விட்டால் நடப்பது சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. உறுப்பினர் இறந்தோ ஓய்வு பெற்றோ 36 மாதத்துக்குள் கேட்காத கணக்கு செயலற்றதாகும். அப்படி ஆகி ஏழு ஆண்டு கழிந்தால் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகும். 2015ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் உருவான நிதி அது. அங்கே போன நாளிலிருந்து 25 ஆண்டு வரை உரியவர் கேட்டு வாங்கலாம். அதற்கு மேல் மத்திய அரசுக்கே சேர்ந்துவிடும்.

பணிக்கொடையும் உண்டு என்பது இந்த ஆசிரியர்களில் பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஆசிரியர்கள் பணிக்கொடைச் சட்டத்தின்படி "பணியாளர்" அல்லர் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. நாடாளுமன்றம் 2009இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே உரிமை உண்டு என்றாக்கியது. தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு எதிர்த்து வழக்காடியது. 2022 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தத்தைச் செல்லும் என்று உறுதி செய்தது. ஆகவே 1997க்குப் பிறகு ஐந்து ஆண்டு முடித்து விலகிய ஆசிரியர், விண்ணப்பிக்கும் கெடு தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் விட்டுவிட வேண்டாம். தாமதம் ஒன்றே கோரிக்கையைச் செல்லாததாக்காது என்று அந்தச் சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. பணியில் இறந்தவருக்கு ஐந்தாண்டு நிபந்தனையும் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது.

உண்மையிலேயே வாரிசு எவரும் இல்லாத ஆசிரியரின் பணம்?

பணிக்கொடை பற்றி மேலே சொல்லிவிட்டேன். சொத்தாகக் கருதப்படும் மற்ற பணம், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, அரசமைப்பின் 296ஆம் பிரிவு ஆகியவற்றின் வழியே அரசைச் சேரும். ஆனால் அந்தச் சட்டத்தின் வாரிசு வரிசை நீண்டது. மனைவி மக்கள் இல்லையென்றால் வாரிசே இல்லை என்று அர்த்தமில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்களின் பிள்ளைகள், அதற்கும் அப்பால் தந்தைவழி தாய்வழி உறவினர் எல்லோரும் முறையே வருவார்கள்.

"பாதி கொடுங்கள், மொத்தத்தையும் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வருகிறார். எழுதிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக்கொடுப்பது ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி செல்லாது. விண்ணப்பப் படிவங்களுக்குக் கட்டணமே இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து, மூல ஆவணங்கள், ஆதார் ஓ.டி.பி. இவற்றை எவரிடமும் கொடுக்காதீர்கள்.

கையில் ஒரு காகிதமும் இல்லை. எங்கே தொடங்குவது?

கடைசியாக வேலை பார்த்த பள்ளியில். அங்கே ஊதியப் பதிவேட்டில் அவருடைய பி.எஃப். எண் இருக்கும். உதவிபெறும் பள்ளி என்றால் தாளாளர் அலுவலகத்திலும் நகல் இருக்கும். பள்ளியே மூடப்பட்டிருந்தால் ஆவணங்கள் வட்டார அல்லது மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். ஓய்வூதியம் பெற்றவர் என்றால் பழைய வங்கிப் புத்தகத்திலிருந்தே எந்தக் கருவூலம் என்று கண்டுபிடிக்கலாம். சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் பெயர், பிறந்த தேதி, ஓய்வு பெற்ற நாள், கடைசிப் பள்ளி ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதினால் ஓய்வூதியக் கொடுப்பாணை எண்ணைத் தேட முடியும்.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பிறருடைய தனிப்பட்ட விவரம் என்று மறுத்துவிடாமலிருக்க இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டின் நகலையும் இணையுங்கள். கேள்விகளைச் சின்னதாக, தனித்தனியாகக் கேளுங்கள்: கருத்துரு எந்த நாளில் எந்த அலுவலகத்திலிருந்து எங்கே அனுப்பப்பட்டது, என்ன குறைக்காகத் திரும்பியது, இப்போது யார் மேசையில் இருக்கிறது? அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கடிதத்தில் அதன் எண்ணைத்தான் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கும்.